மதுரை வட்டாரத்தில் மனநல சமூகப்பணி: படிப்பு முதல் களம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மனநலத் துறைக்கென்று சமூகப்பணி படிக்க வருகிற பலர் மனதில் ஓர் அறை இருக்கிறது. இரண்டு நாற்காலி, எதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் ஒருவர். மதுரை நகருக்குள் அப்படியும் வேலை உண்டு. ஆனால் சேடபட்டி, பேரையூர், கள்ளிக்குடி பக்கத்துக் கிராமங்களிலும், ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலும், தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளிலும் நிலைமை வேறு. அங்கே மனநோயோடு வாழ்கிறவர் முதலில் மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். வாங்கிய மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டுக்காகவும் ஒரு நாள் கூலியை இழக்காமல் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் நடத்திக் காட்டுவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. பேச்சுவழி ஆலோசனை அதற்குள் ஒரு பங்கு. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு வருகிறவர்கள்தான் இந்தத் துறையில் நிலைக்கிறார்கள்.

தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழகம் உள்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு, கோளாறைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம்.

உங்கள் இடம் எது

மனநல மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் உளவியல் சோதனைகளையும் உளச்சிகிச்சையையும் பார்ப்பார். நோயாளியின் குடும்பம், வேலை, வருமானம், ஊர், அரசு உதவி என்று மற்ற எல்லாம் உங்கள் கையில். நோயின் பெயரைச் சொல்வதும் மருந்தின் அளவை மாற்றுவதும் உங்கள் வேலை இல்லை. களத்தில் ‘இந்த மாத்திரையைப் பாதியாக்கலாமா?’ என்று தினமும் கேட்பார்கள். ‘டாக்டரைக் கேட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் குறைக்காதீங்க’ என்பது ஒன்றே பதில். சொன்னபடி கேட்டும் சொல்ல வேண்டும்.

சட்டத்தில் ஒரு வரையறை உண்டு. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, ‘சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர்’ என்பவர் சமூகப்பணியில் முதுநிலைப் பட்டமும், அதன்மேல் மனநல சமூகப்பணியில் இரண்டாண்டு முழுநேர எம்.பில். பட்டமும் பெற்றவர் என்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. என்ற அந்த முதுநிலைப் பட்டம் மட்டும் முடித்தவர் சமூகப்பணியாளராக, ஒருங்கிணைப்பாளராக, வழக்குப் பணியாளராக (கேஸ் ஒர்க்கர்) தாராளமாக வேலை செய்யலாம். ஆனால் ‘சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது. வேலை அறிவிக்கைகளில் இந்த நுணுக்கம் இடத்துக்கு இடம் மாறும். சில பணியிடங்களுக்கு மருத்துவ, மனநலப் பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ. போதும் என்றிருக்கும். தகுதிப் பகுதியை வரிக்கு வரி படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

படிப்பு: எதை, எங்கே, எந்த வரிசையில்

பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் சரி. சமூகப்பணியில் மூன்று ஆண்டு இளநிலைப் பட்டமான பி.எஸ்.டபிள்யூ. படிக்கலாம். அல்லது தமிழ், வணிகவியல், விலங்கியல் என்று ஏதேனும் ஒரு பட்டம் முடித்துவிட்டு நேராக இரண்டாண்டு எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். மதுரையில் அழகர்கோவில் சாலையில் உள்ள மதுரை சமூக அறிவியல் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. வெளியே போக முடிந்தவர்களுக்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம், 1952இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி ஆகியவை உண்டு. வேலையை விட முடியாதவர்கள் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலை எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாம், மதுரையிலேயே அதன் மண்டல மையம் இருக்கிறது. பிறகு எம்.பில். போக நினைத்தால், தொலைநிலைப் பட்டத்தை அந்த நிறுவனம் ஏற்குமா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்.டபிள்யூ.வில் சிறப்புப் பிரிவைத் தேர்வு செய்யும்போது மனிதவளப் பிரிவின் பக்கம் இழுப்பு அதிகம் இருக்கும். கம்பெனி வேலை, மாதச் சம்பளம் என்று வீட்டிலும் சொல்வார்கள். மனநலம்தான் என்று முடிவு செய்தவர்கள் மருத்துவ, மனநலப் பிரிவையே எடுக்க வேண்டும். பின்னால் மாறிக்கொள்ளலாம் என்று விட்டால் எம்.பில். நுழைவிலும் மருத்துவமனை வேலையிலும் இடிக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் வேலைவாய்ப்பு விளம்பரத்தையும் பார்க்காதீர்கள். துறைத் தலைவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மனநலப் பிரிவு மாணவர்களை எந்த எந்த மருத்துவமனைக்கும் அமைப்புக்கும் களப்பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள்? ஒரு ஆசிரியருக்கு எத்தனை களப்பயிற்சி மாணவர்கள்? ஆசிரியரோடு தனிக் கலந்தாய்வு வாரா வாரம் நடக்கிறதா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் மற்றதெல்லாம் பிறகு.

அடுத்தது எம்.பில். பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம், தேஜ்பூர் லோகப்பிரிய கோபிநாத் பர்தோலாய் நிறுவனம், டெல்லி இப்ஹாஸ் மனநல நிறுவனம் போன்ற இடங்களில் மனநல சமூகப்பணிக்கு இந்தப் படிப்பு நடந்துவந்தது. பல்கலைக்கழக மானியக் குழு எம்.பில். பட்டத்தையே நிறுத்திவிட்டாலும், மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 சேர்க்கை வரை விலக்கு நீட்டியது. ஆகவே பழைய வழிகாட்டிகளை நம்பாமல், நீங்கள் சேரும் ஆண்டில் அந்த நிறுவனம் வெளியிடும் அறிவிக்கையில் படிப்பு எந்தப் பெயரில் நடக்கிறது, யார் அங்கீகரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். 2021இல் வந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் மருத்துவ, மனநல சமூகப்பணியாளர்கள் இருக்கிறார்கள். பதிவு கட்டாயமாகும்போது மதிப்பெண் பட்டியலும் களப்பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். இன்றே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

களப்பயிற்சியை வீணாக்காமல் இருப்பது

எம்.எஸ்.டபிள்யூ.வில் வழக்கமாக வாரம் இரண்டு நாள் களப்பயிற்சி, ஒரு கிராம முகாம், கடைசியில் ஒரு மாத அளவுக்குத் தொடர் பயிற்சி இருக்கும். வேலை கற்பது இங்கேதான். முதல் ஆண்டிலேயே ஒரு கிராமத்தையோ குடியிருப்பையோ பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு, அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு போன்ற ஓர் இடத்தையும், 1992 முதல் மதுரையில் இயங்கும் எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை போன்ற மறுவாழ்வு அமைப்பு ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். வார்டை மட்டும் பார்த்தவருக்கு நோயாளி வீடு திரும்பிய பிறகு என்ன ஆகிறார் என்பது தெரியாமலே போய்விடும்.

அறிக்கை எழுதுவதில் பெரும்பாலான மாணவர்கள் சறுக்குகிறார்கள். ஒரு வழக்கமான அறிக்கை இப்படி இருக்கும்: ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை. குடும்பத்துக்கு விழிப்புணர்வு இல்லை. ஆலோசனை வழங்கப்பட்டது.’ இதை வைத்து அடுத்து வருபவர் எதுவும் செய்ய முடியாது. அதே வீட்டைப் பற்றி இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மூன்று வாரமாக இரவு மாத்திரையை விட்டிருக்கிறார். காலை ஐந்து மணிக்குச் செங்கல் சூளை வேலைக்கு எழ முடியவில்லை என்பது காரணம். மாத்திரையை இரவு எட்டு மணிக்கே போடலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். வியாழன் மாலை அடுத்த சந்திப்பு, அப்போது அண்ணியும் வீட்டில் இருப்பார்.’ என்ன நடந்தது, ஏன், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் ஆகிய மூன்றும் இல்லாத அறிக்கையைத் திருப்பி எழுதுங்கள்.

ஊருக்குள் நுழைவது

முதல் நாளே வீடு வீடாகப் போகாதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரில் தொடங்குங்கள். அவருக்கு ஒவ்வொரு வீட்டு அடுப்பும் தெரியும். அடுத்து அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுத் தலைவி, ஊராட்சிச் செயலர். கேட்கும் கேள்வியும் முக்கியம். ‘இங்க மனநோயாளி யாராவது இருக்காங்களா?’ என்று கேட்டால் தெருவில் அலையும் ஒருவரைக் காட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள். ‘வீட்டை விட்டு வெளியவே வராம இருக்கிறவங்க யாராச்சும் உண்டா? பிள்ளை பெத்த பிறகு யாருகிட்டயும் பேசாம இருக்கிற பொண்ணு உண்டா? தூக்கமில்லாம ராத்திரியெல்லாம் நடக்கிறவங்க?’ என்று கேளுங்கள். பட்டியல் நீளும். இந்தக் கேள்விகளைக் கிராம சபையிலோ டீக்கடையிலோ கேட்கவே கூடாது.

சாதியைக் கணக்கில் எடுக்காத மனநலப் பணி இந்த வட்டாரத்தில் பாதி ஊருக்கு மட்டுமே போய்ச் சேரும். உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு பத்து ஆண்டுகள் தலைவர் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை, 2006இல்தான் நடந்தது. இப்படி ஒரு வரலாறு உள்ள இடங்களில் முகாமை எங்கே போடுகிறீர்கள் என்பதிலேயே யார் வருவார்கள் என்பது முடிவாகிவிடும். கோயில் மண்டபத்தில் போட்டால் காலனியிலிருந்து ஒருவரும் வரமாட்டார். பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற பொது இடமே சரி. காலனிக்குப் போனால் அங்கே கொடுக்கிற தண்ணீரையும் டீயையும் வாங்கிக் குடியுங்கள். அதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேரம் அடுத்த சிக்கல். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறிப்பவர்கள் விடியுமுன்பே எழுந்து போய்ப் பறித்து, பூவை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்புவார்கள். அவர்களைப் பகல் பதினொரு மணிக்கு மேல் பாருங்கள். இவர்களிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்கும்போதும் யோசிக்க வேண்டும். மூன்று மணிக்கு எழுவது அவர்கள் தொழில். ‘பூ இல்லாத நாளில் தூக்கம் வருதா?’ என்பதே பயனுள்ள கேள்வி.

‘மனநலத் திட்டம்’ என்று எழுதிய வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தாதீர்கள். அந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருப்பாள்.

முதல் வீட்டுச் சந்திப்பு

முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கையில் படிவத்தோடு நுழைய வேண்டாம், அது பைக்குள் இருக்கட்டும். நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், யார் சொல்லி வந்தீர்கள் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். பெரியவர் இருந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள், அய்யா, அப்பத்தா, அக்கா என்று வயதுக்குத் தக்க முறை வைத்துக் கூப்பிடுங்கள். பாய் விரித்தால் பாயில் உட்காருங்கள்.

‘மனசு எப்படி இருக்கு?’ என்பதில் தொடங்கினால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று முடிந்துவிடும். உடம்பில் தொடங்குங்கள். தூக்கம், பசி, வேலைக்குப் போக முடிகிறதா, யாரோடு பேசுகிறார். ‘நெஞ்சு படபடங்குது’, ‘தலை பாரமா இருக்கு’, ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘எதுலயும் பிடிப்பில்ல’ என்று வரும். இவற்றை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இதே அறிகுறிகள் இரத்தசோகையிலும் தைராய்டு குறையிலும் வரும் என்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யாமல் மனச்சோர்வு என்று முடிவு கட்டக் கூடாது.

குடும்பத்தோடு பேசியபின் நோயாளியோடு தனியாகப் பத்து நிமிடமாவது பேச வேண்டும். ஒரே அறை வீட்டில் இது கடினம். கிணற்றடி, வேப்பமரத்தடி, குழாயடிக்குப் போகும் வழி என்று ஏதேனும் ஓர் இடம் கிடைக்கும். அடி, உதை, பாலியல் துன்புறுத்தல், கடன், சாகும் எண்ணம் எல்லாம் வெளியே வருவது இந்தப் பத்து நிமிடத்தில்தான். ரகசியம் காப்பதாகச் சொல்லும்போது அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றாலும், 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தாலும் நீங்கள் வாய்மூடி இருக்க முடியாது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி புகார் தெரிவிப்பது கட்டாயம், தவறினால் தண்டனை உண்டு.

அளவுகோல்களை, அதாவது மதிப்பெண் போடும் கேள்விப் படிவங்களை, இரண்டாவது சந்திப்பில் எடுங்கள். மனச்சோர்வுக்குப் பி.எச்.கியூ-9, பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7, குடிக்கு ஆடிட் ஆகிய மூன்றும் போதும். பி.எச்.கியூ-9இல் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். படிக்கத் தெரியாதவரிடம் ‘சில நாட்கள், பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’ என்று படிவத்தில் இருப்பதை அப்படியே வாசித்தால் விழிப்பார்கள். ‘போன ரெண்டு வாரத்துல தினமும் இருந்துச்சா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா, எப்பவாச்சுமா?’ என்று கேளுங்கள். சாகும் எண்ணத்தைப் பற்றிய ஒன்பதாவது கேள்வியில் பூஜ்யம் அல்லாத எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் கீழே சொல்லியிருக்கும் தற்கொலை எண்ணம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

கோடாங்கியும் கோயிலும்

பல வீடுகளில் நீங்கள் முதல் ஆள் இல்லை. கோடாங்கி குறி சொல்லியிருப்பார், தாயத்துக் கட்டியிருப்பார்கள், பாண்டி கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போய் வந்திருப்பார்கள். கையிலிருந்த பணம் அதிலேயே கரைந்திருக்கும். அதைப் பழித்தால் அந்தக் கதவு மூடிவிடும். ‘சாமி கும்பிடுறதை நிறுத்த வேண்டாம், மாத்திரையும் சேர்த்துப் போடுவோம்’ என்ற இடத்தில் பெரும்பாலான குடும்பங்கள் இறங்கி வரும். ஏர்வாடியில் தமிழக அரசே பிரார்த்தனையோடு மருந்தையும் சேர்க்கும் ‘தவா, துவா’ திட்டத்தைக் கொண்டுவந்தது.

விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, கட்டி வைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியில் பிணைப்பதைத் தடை செய்கிறது. வீட்டில் கட்டிப் போட்டிருந்தால் போலீஸ் என்று மிரட்டுவதில் தொடங்காதீர்கள். ஏன் கட்டினார்கள் என்று கேளுங்கள். ராத்திரி ஓடிவிடுகிறார், நெடுஞ்சாலை பக்கம், தாய் ஒருத்திதான் வீட்டில் என்பார்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு வாகனமும், ஓர் உறவினர் துணையும் ஏற்பாடு செய்தால் கட்டு அவிழும். தெருவில் ஆதரவற்று அலைபவர் என்றால் அதே சட்டத்தின் 100ஆம் பிரிவு போலீசுக்குப் பொறுப்பு கொடுக்கிறது. அவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. இந்தப் பிரிவின் நகல் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொள்வது

மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறது என்ற அட்டவணையை முதலில் வாங்குங்கள். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ கிடைக்கிற மாத்திரைக்கு ஒருவரை மதுரைக்கு வரச் சொன்னால் இரண்டாம் மாதமே நின்றுவிடுவார். மகளிர் கட்டணமில்லாப் பயணம் செல்லுபடியாகும் டவுன் பஸ் எது, எத்தனை மணிக்கு என்பதையும் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுங்கள்.

மாத்திரை நிற்பதற்குக் காரணங்கள் சிலவே. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், ஆனால் வாய் உலர்வதும் வயிற்றுப் புரட்டலும் முதல் நாளே வரும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பத்தாம் நாள் ‘ஒண்ணும் கேக்கல’ என்று விட்டுவிடுவார்கள். மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளில் கை நடுக்கம், உடல் விறைப்பு, எச்சில் வடிதல், உட்கார முடியாத தவிப்பு, உடல் பருமன், மாதவிலக்கு நிற்பது போன்றவை வரக்கூடும். மாதவிலக்கு நின்றதைப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் சொல்லவே மாட்டார்கள், நீங்கள் கேட்டு மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். மூன்றாவது காரணம் குணமாவது. நன்றாகி வேலைக்குப் போகத் தொடங்கியதும் ‘இனி எதுக்கு?’ என்று நிறுத்துவார்கள். சில வாரங்களோ மாதங்களோ கழித்து நோய் திரும்பும். ஆகவே நன்றாகிவிட்ட வீட்டுக்கும் மாதம் ஒருமுறை போய்வர வேண்டும்.

ஊனச் சான்றிதழும் இதன் ஒரு பகுதிதான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோய் இருக்கிறது. 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் பஸ் சலுகை முதல் பல உதவிகளுக்கு வழி திறக்கும். அளவிட ‘ஐடியாஸ்’ என்ற முறை பயன்படுகிறது. தன்னைப் பராமரித்தல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்குக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், கூடவே நோய் இருந்த காலத்துக்கும் மதிப்பெண். இரண்டு இடத்தில் இது கெடுகிறது. ஒன்று, பழைய ஓ.பி. சீட்டுகள் தொலைந்துபோய், எட்டு வருட நோய்க்கு எட்டு மாதச் சீட்டுதான் இருக்கும். இரண்டு, மருத்துவர் கேட்கும்போது மரியாதைக்காக அம்மா ‘இப்ப பரவால்லங்க சார்’ என்பார், மதிப்பெண் குறைந்துவிடும். முதல் சந்திப்பிலேயே எல்லாச் சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். குளிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறதா, கடைக்குத் தனியாகப் போகிறாரா, கடைசியாகச் சம்பாதித்தது எப்போது என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தனுப்புங்கள். கூட்டிச் சொல்லச் சொல்லாதீர்கள். நடப்பதை நடக்கிறபடியே சொன்னால் போதும். ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம் மூன்றும் சேர்ந்து போகட்டும். தற்காலிகச் சான்றாகக் கிடைத்தால் முடியும் தேதியை உங்கள் நோட்டில் குறித்து வையுங்கள்.

குடி

தினமும் அதிகமாகக் குடிப்பவரிடம் ‘நாளையிலிருந்து விட்டுடுங்க’ என்று சொல்வது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே நடுக்கம், வியர்வை, இல்லாததைக் காண்பது, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டும், கோயிலில் கயிறு கட்டியும் குடியை நிறுத்தும்போது இது நடக்கிறது. வீட்டார் சாமி குத்தம் என்று நினைத்து வைத்துக்கொண்டிருப்பார்கள். ஐப்பசி கடைசியிலேயே உங்கள் பட்டியலில் உள்ள வீடுகளுக்குப் போய், மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துப் பாதுகாப்பாக நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இந்த இருவரும் மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும்.

தற்கொலை எண்ணம்

நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வராது. ‘இப்படிக் கஷ்டப்படுறப்ப செத்துரலாம்னு தோணுமா?’ ஆம் என்றால், இன்றைக்கும் தோன்றுகிறதா, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கானது வீட்டில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இன்றைக்கும் எண்ணம் இருந்து, வழியும் யோசித்து வைத்திருந்தால் தனியே விட்டுவிட்டு வரக் கூடாது. நம்பகமான ஒருவரைக் கூட வைத்து அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், தேவையானால் 108. விவசாய வீடுகளில் பூச்சிமருந்தை வீட்டுக்கு வெளியே, பூட்டு போட்ட பெட்டியில், சாவியை வேறொருவரிடம் கொடுத்து வைக்கச் செய்யுங்கள். இந்த ஒரு சின்ன ஏற்பாடு உயிர் காக்கும். 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலும் கிடைக்கிறது. எண்ணைச் சொல்வதோடு விடாமல், உங்கள் முன்னிலையிலேயே ஒருமுறை பேச வையுங்கள்.

முயன்று பிழைத்தவர் வீட்டில் ‘கேஸ் ஆகிடுமோ’ என்ற பயம் இருக்கும். 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இல்லை. இதை வீட்டாருக்குப் பொறுமையாக விளக்குங்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்களே ஆபத்து அதிகமான காலம். முதல் வாரத்திலேயே நேரில் போய்ப் பாருங்கள்.

வேலை தேடுவது

மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அறிவிக்கைகள் மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் குறைவு. வாரம் ஒருமுறை பாருங்கள். மாவட்ட மனநலத் திட்டம் தவிர, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், போதை மீட்பு மையங்கள், எச்.ஐ.வி. ஆலோசனை மையங்கள் எல்லாவற்றிலும் மனநலப் பணி நடக்கிறது. பதவியின் பெயரில் மனநலம் இல்லையே என்று ஒதுக்க வேண்டாம். முகாம்களில் வேலை செய்ய விரும்புகிறவர்கள் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அணுகலாம்.

அரசுத் திட்டப் பணிகள் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம், தொகுப்பூதியம். சேரும் முன் பயணப்படி தனியா, ஒருவருக்கு எத்தனை நோயாளிகள், சிக்கலான வீட்டைப் பற்றிக் கலந்து பேச மூத்தவர் ஒருவர் உண்டா, பெண் பணியாளர் மாலைக்கு மேல் தனியே போக வேண்டியிருக்குமா என்று கேளுங்கள். பயணப்படி இல்லாத வேலையில் மூன்றாம் மாதமே தூரத்து வீடுகள் பட்டியலிலிருந்து நழுவும், மிக ஒதுக்கப்பட்டவர்கள் இருப்பதும் அந்தத் தூரத்தில்தான். மூத்தவரோடு வாராந்தரக் கலந்தாய்வு இல்லாத இடத்தில் புதியவர்கள் ஓர் ஆண்டுக்குள் சோர்ந்து வெளியேறுவது சகஜம். அமைப்பு ஏற்பாடு செய்யாவிட்டால் உங்கள் கல்லூரி ஆசிரியரையாவது கேட்டு அப்படி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் முடியும் கட்டத்தில் இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. கடைசி மாதத்துக்கு முந்தைய மாதமே ஒவ்வொரு வீட்டிலும் ‘நான் போகப்போறேன், இனி இன்னார் வருவார்’ என்று சொல்லிவிடுங்கள். அடுத்து வருபவரைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்யுங்கள். ஆள் இன்னும் போடவில்லை என்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர், மாத்திரை வாங்கும் கிழமை, சான்றிதழ் முடியும் தேதி, தற்கொலை முயற்சி நடந்ததா, வீட்டில் யாரைக் கேட்டால் சரியாகச் சொல்வார் என்று ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் எழுதி, வீட்டார் சம்மதத்தோடு நேரில் கொடுத்துவிட்டுப் போங்கள்.